களைத்தவன் கண்

மாயா ஜனங்கள் வாழும் எங்கள் சுன்யா ஊரில் பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்குத் தேளைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. வேலை முடிந்து களைத்து வருகிற ஆம்பிளைதான் அது. வெயிலில் காய்ந்து, பசித்து, கால் ஓய்ந்து வருகிறவன் கண்ணில் ஒரு சூடு இருக்கும். அவன் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. பிள்ளைமேல் உயிரையே வைத்திருக்கலாம். ஆனாலும் அந்தக் கண்ணோடு பிள்ளையைப் பார்த்துவிட்டால் போச்சு. பால் குடிக்காது, வீரிட்டு அழும், வயிறு பச்சையாகப் போகும். அதனால் சோளக்காட்டிலிருந்து வருகிறவர்கள் பின்பக்கமாகப் போய்க் குளித்து, அடுக்களைக் குடிசையில் உட்கார்ந்து, உடம்பு ஆறின பிறகுதான் வீட்டுக்குள் வருவார்கள். அப்படியும் கண் பட்டுவிட்டால் மருந்து ஒன்றுதான். யார் பார்த்தானோ அவனே வர வேண்டும். வேர்வை ஊறிய அவன் சட்டையைக் கழற்றி, பிள்ளையை அதில் சுற்றி, கொஞ்ச நேரம் அவனே மடியில் வைத்திருக்க வேண்டும்.

சோளம் போடுகிறவனுக்கு இது பெரிய கஷ்டமில்லை. விடியுமுன் போய் மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவான். சாயங்காலம் ஆறிப்போன மனிதனாக உட்கார்ந்து பிள்ளையைக் கொஞ்சலாம். எர்மிலோ கவிச்சின் பிழைப்பு அப்படியில்லை. அவர் காக்முல் இடிபாடுகளைச் சுற்றிக்காட்டுகிற கைடு. கடற்கரை ஓட்டல்களிலிருந்து வேனில் வருகிறவர்களோடு கூட்டு ரோட்டில் ஏறிக்கொண்டு, கோயிலைக் காட்டி, சாப்பிட வைத்து, குகைக்குள் இருக்கிற பாறைக் கிணற்றில் குளிக்க வைத்து, கடைக்குள் தள்ளி, பொழுது சாயத் திரும்பி வந்தால் அவரிடம் மிச்சம் இருப்பது களைப்பு மட்டும்தான். வெயில் போதாதென்று அந்தப் பழைய கற்களுக்குள்ளிருந்து வீசுகிற காற்று வேறு உடம்பில் ஒட்டிக்கொண்டு வரும் என்பது அவர் மனைவி எலிஹியாவின் கட்சி.

மகள் யாமிலி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். மருமகன் வடக்கே மொந்தெர்ரெய் நகரத்தில் ஃபிரிட்ஜ் செய்கிற தொழிற்சாலையில் இருக்கிறான். பெண் பிள்ளை பிறந்த அன்றே எலிஹியா சட்டம் போட்டுவிட்டாள்.

"வேலைக்குப் போற நாளெல்லாம் உனக்கு அடுக்களைதான், கிழவா. அங்கயே சாப்பிடு, அங்கயே படு. லீவு நாள்ல குளிச்சு, நல்லாத் தூங்கி எந்திரிச்சு, அப்புறம் வந்து பாரு."

"எனக்கு ஏது லீவு?"

"அதை உன் கம்பெனிக்காரன்கிட்டக் கேளு. என்கிட்டக் கேட்டா?"

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் லீவு என்ற பேச்சே கிடையாது. பனிக்குப் பயந்து ஓடிவருகிறவர்கள் விமானம் விமானமாக இறங்குவார்கள். பிள்ளை பிறந்து ஒன்றரை மாதம் ஆகியும் இரண்டே இரண்டு ஞாயிற்றுக்கிழமைதான் எர்மிலோ பேத்தியைப் பார்த்திருந்தார். இரண்டு முறையும் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப விடவில்லை, தூக்கவும் விடவில்லை. மற்ற நாளெல்லாம் முற்றத்துக்கு அந்தப் பக்கம், அடுக்களையில் தன் வலைத்தூளியில் படுத்துக்கொண்டு, அவள் அழுவதையும் தும்முவதையும் காதால் கேட்டுக்கொண்டிருந்தார்.

இதில் ஒரு பழைய மனக்குறையும் சேர்ந்திருந்தது. யாமிலி பிறந்தபோது எர்மிலோ கடற்கரை நகரமான கன்கூனில் ஓட்டல் கட்டுகிற வேலையில் இருந்தார். அப்போதெல்லாம் ஊர் ஆம்பிளைகளில் பாதிப் பேர் அங்கேதான் சிமெண்ட் சுமந்தார்கள். ஒருவழியாக ஊர் வந்து மகளைக் கையில் வாங்கியபோது அவளுக்குப் பல் முளைத்திருந்தது. யாரோ அந்நியன் தூக்குகிறான் என்று தோளைக் கடித்தாள். அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், ஆனால் அதை அவர் மறக்கவேயில்லை. அப்போது ஊரில் இல்லாததால் பிள்ளை முகம் பார்க்கவில்லை; இப்போது ஊரிலேயே இருந்தும் பார்க்க வழியில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு டாக்ஸி வரும், யாமிலி பிள்ளையோடு வடக்கே கிளம்புவாள் என்று முடிவாயிற்று. எர்மிலோ கம்பெனிக்குப் போன் போட்டு அந்த ஒரு நாள் மட்டும் லீவு கேட்டார். ஆபீஸ் பெண் 'தோன்' என்று மரியாதை போட்டு இனிக்க இனிக்கப் பேசினாள். "சீசன் முடியட்டும் தோன் எர்மிலோ, ஒரு வாரமே எடுத்துக்குங்க," என்றாள். சீசன் முடிந்தபிறகு லீவை வைத்துக்கொண்டு சுவரையா பார்ப்பது?

அவர் சுவரைத்தான் பார்த்தார், அதுவும் முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமையே. வேலை முடிந்து வரும்போது பொழுது அடைந்துகொண்டிருந்தது. முழங்கால் இரண்டும் கழன்றுவிடும்போல வலித்தன. எலிஹியா கொல்லையில் கோழிகளை அடைத்துக்கொண்டிருந்தாள். யாமிலி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் வீடுகளின் சுவர் குச்சிகளை நட்டு மண் பூசியது. பூச்சு உதிர்ந்த இடத்தில் விரல் நுழைகிற சந்து இருக்கும். அடுக்களைக்குப் போக வேண்டிய கால் அந்தச் சந்துப் பக்கம் திரும்பிவிட்டது. உள்ளே சின்னத் தூளியில் பிள்ளை விழித்துக்கொண்டு கிடந்தாள். கறுகறுவென்ற கண். நேராக அவரையே பார்த்தாள். அவரும் பார்த்தார். அவ்வளவுதான். பிறகு அடுக்களைக்குப் போய்ச் சோளரொட்டியும் பீன்ஸும் சாப்பிட்டார். யாரும் பார்க்கவில்லை. ஒளித்துவைத்து வெல்லம் தின்ற பிள்ளையைப்போல அன்றைக்கு அவருக்கு உள்ளுக்குள் இனித்துக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை விடிகாலையில் பிள்ளை அழ ஆரம்பித்தது. பசி அழுகை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எர்மிலோ கூட்டு ரோட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

வேனை ஓட்டி வந்தவன் வில்பெர்த். யாமிலியின் ஞானஸ்நானத்தின்போது அவளைத் தூக்கிப் பிடித்த ஞானத்தகப்பன் அவன்தான். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒருவரையொருவர் 'கொம்பாத்ரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஊரில் அவனுக்குப் பல்லி என்று பேர். ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டு ஓட்டுவான், வழியெல்லாம் நாக்கைச் சொடுக்கிக்கொண்டே இருப்பான்.

"என்ன கொம்பாத்ரே, முகம் தொங்குது? பொண்ணு ஊருக்குப் போறான்னா?"

"ம்."

"எல்லாப் பொண்ணும் போறதுதானே. உக்காரு. பின்னாடி ஒரு கனடாக்காரர் இருக்கார், கேள்வியா கேட்டு என் உசிரை எடுத்துட்டார். இனிமே அவர் உன் சொத்து."

காக்முல்லில் எர்மிலோ தன் பேச்சைத் தொடங்கினார். அந்தப் பேச்சு அவருக்கு எப்போதோ மனப்பாடம்; வாய் தன்பாட்டுக்குப் பேசும், மனம் எங்கேயாவது மேய்ந்துகொண்டிருக்கும். இங்கே நின்று கைதட்டுங்கள், கோயில் திரும்பத் தட்டும். இந்தக் கல்லில் பாருங்கள், இது ராஜா, இது அவர் பிடித்த கைதி. இந்தப் படிகளுக்கு வயது ஆயிரத்து இருநூறு. அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவருடைய முழங்காலுக்கு மட்டும் உண்மை தெரியும். சரிந்து கிடந்த அந்தப் படிகளில் பாதியை வாலிபத்தில் கூலிக்கு முதுகில் சுமந்து ஏற்றியவர்களில் அவரும் ஒருவர். கல்லுக்குக் கல் சுண்ணாம்பில் எண் போட்டுக் கொடுப்பார்கள். இவர்கள் தூக்கி வைப்பார்கள். முழங்கால் கெட ஆரம்பித்தது அங்கேதான். பிறகு கன்கூனில் சிமெண்ட், பிறகு ஓட்டலில் பெட்டி தூக்குதல், அங்கே காதில் விழுந்த இங்கிலீஷ், அந்த இங்கிலீஷை வைத்துக் கைடு உத்தியோகம். சுற்றிச் சுற்றி அதே கல்லுக்கே வந்து சேர்ந்தார். முன்பு அதைச் சுமந்தார், இப்போது அதைப் பற்றிப் பேசுகிறார். இரண்டில் எது அதிக அலுப்பு என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

பெரிய கோயிலின் அடியில் கையளவு நிழலில் எல்லாரும் ஒதுங்கி நின்றபோது சட்டைப்பையில் போன் நடுங்கியது. எலிஹியா வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் அல்ல. அவர் கொஞ்சம் தள்ளிப்போய் எடுத்தார்.

"கிழவா, பிள்ளை காலையிலேருந்து பால் குடிக்கல. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீங்களா?"

"போனோம். நர்ஸு நல்லாத்தான் பார்த்தா. காய்ச்சல் இல்ல, வயித்துல காத்து சேர்ந்திருக்குன்னு சொட்டு மருந்து குடுத்தா. அதுல நிக்கல. அப்புறம் மருத்துவச்சி வந்து வயித்தையும் உள்ளங்கையையும் தொட்டுப் பார்த்தா. கண்ணுதான்னுட்டா. யாரோ சூட்டோட பார்த்திருக்காங்க."

எர்மிலோ போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "யாரு?" என்றார்.

"நேத்து அந்தக் குடிகாரன் திரான்சிதோ வெட்டுக்கத்தி இரவல் கேட்டு வாசல் வரைக்கும் வந்தான்ல? அவனாத்தான் இருக்கும்னு இழுத்துட்டு வந்து சட்டையைக் கழட்ட வச்சேன். ஊரே வேடிக்கை பார்த்துச்சு. பாவம், ஒரு வார்த்தை பேசாம கழட்டிக் குடுத்தான். அதுல சுத்தினா பிள்ளை இன்னும் ஜாஸ்தியா கத்துது. அவன் இல்ல." எலிஹியா ஒரு மூச்சு வாங்கித் தொடர்ந்தாள். "ஆறு மணிக்கு டாக்ஸி வருது. பார்த்தவன் யாருன்னு தெரியாமலே பிள்ளை வடக்கே போயிட்டா அங்க யாரு இருக்கா மருந்து பண்ண? அவங்களுக்கு இதெல்லாம் சொன்னாப் புரியுமா?"

"நான் அதுக்குள்ள வந்துடறேன்."

"நீ வந்து என்ன பண்ணப்போற? அடுக்களையில உக்காரவா?"

போன் அடங்கிவிட்டது. நான்தான் பார்த்தேன் என்ற ஒரு வார்த்தை அவர் நாக்கு நுனிவரை வந்து நின்றுகொண்டது. வேலைக்கு நடுவில் நிற்கிறோம் என்பது சாக்கு. உண்மையில் அவருக்குப் பயம். மகள் ஊருக்குப் போகிற நாளில் பிள்ளையைப் படுக்கவைத்தவன் அவளைப் பெற்ற அப்பனே என்பதை எந்த வாயால் சொல்வது?

திரும்பி வந்தால் கனடாக்காரர் தயாராக நின்றார். "இவ்வளவு பெரிய ஊரைக் கட்டின மாயா ஜனங்க எல்லாம் ஒரு நாள் இதை அப்படியே விட்டுட்டு எங்கதான் போனாங்க?"

இந்தக் கேள்விக்கென்றே எர்மிலோவிடம் ஒரு ஆழ்ந்த குரல் உண்டு. மழை பொய்த்த கதை, போர், காடு மூடிய மர்மம் என்று பத்து நிமிஷம் ஓட்டுவார். அன்றைக்கு அந்தக் குரல் வரவில்லை.

"வீட்டுக்குப் போயிருப்பாங்க சார்," என்றார். "ரொம்பக் களைச்சுப் போயிருப்பாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். யாரோ கைதட்டினார்கள், கோயிலும் திரும்பத் தட்டியது. வேனுக்குத் திரும்பி நடக்கையில் எர்மிலோ தன் சட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முதுகு, அக்குள், காலர் எல்லாம் ஊறிப்போயிருந்தது. மருந்து கையில் இருக்கிறது; இதைக் கழற்றாமல் வீடு போய்ச் சேர்ந்தால் போதும்.

வேன் நகர்ந்ததும் அவர் வில்பெர்த்திடம் மாயா மொழியில் மெல்லச் சொன்னார். வில்பெர்த் ரோட்டைவிட்டுக் கண்ணெடுக்காமல் முழுக்கக் கேட்டான்.

"சுவத்துச் சந்து வழியாவா பார்த்த? ஏன் கொம்பாத்ரே, உன் வீட்டுக்கு வாசல்னு ஒண்ணு இல்லையா?"

"வாசல்ல எலிஹியா இருக்கா."

"அப்ப சந்துதான் சரி." அவன் நாக்கைச் சொடுக்கினான். "அவகிட்டச் சொல்லிட்டியா?"

"இல்ல."

"நல்ல வேளை. சொல்லியிருந்தா போன் வழியாவே கிளம்பி இங்க வந்திருப்பா. சரி விடு. அந்தச் சட்டையை மட்டும் தோலை மாதிரி வச்சுக்க. ஆறு மணிக்குள்ள உன்னை இறக்கி விடறது என் பொறுப்பு."

மத்தியானச் சாப்பாடு மெச்சே நடத்துகிற சாப்பாட்டுக் கடையில். வேனில் வந்தவர்கள் முன்கூடத்தில் மேசை மேசையாக வைத்திருக்கிற பதார்த்தங்களை எடுத்துச் சாப்பிடுவார்கள். கைடும் டிரைவரும் பின்கட்டில். திங்கட்கிழமை என்றால் எங்கள் நாட்டில் எந்த வீட்டிலும் பன்றிக்கறி போட்ட பீன்ஸ்தான், மெச்சேயிடமும் அதுதான். எர்மிலோ நேராகக் குழாயடிக்குப் போனார். முகம் கழுவினார். பையிலிருந்து மாற்றுச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். வேனுக்குள் வேர்வை நாற்றம் கூடாது என்பது கம்பெனி உத்தரவு. தினமும் இந்த நேரத்தில், இந்தக் குழாயடியில், இதே ஆணியில் பழைய சட்டையை மாட்டிவிட்டுப் புதியதை அணிவது வருஷக்கணக்கான பழக்கம். உட்கார்ந்தார். எலுமிச்சை பிழிந்து, காரமிளகாயைக் கடித்து, சாப்பிட்டார். பசியில் எதுவும் தோன்றவில்லை. தட்டு பாதி காலியான பிறகுதான் எதிரே இருந்த வில்பெர்த்தின் கண் தன் மார்பிலேயே நிற்பதைப் பார்த்தார்.

"கொம்பாத்ரே," என்றான் வில்பெர்த் மெதுவாக. "இது எந்தச் சட்டை?"

எர்மிலோ எழுந்து ஓடினார். ஆணி காலியாக இருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் மெச்சே அந்தச் சட்டையை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். சோப்பு நுரை அவள் முழங்கைவரை ஏறியிருந்தது.

"இன்னைக்கு காலர்ல எவ்வளவு அழுக்கு, தோன் எர்மிலோ," என்றாள் அவள். "ரெண்டு தரம் சோப்புப் போட்டேன். உங்களை என்ன வேலைதான் வாங்கறாங்களோ."

அவளை என்ன சொல்வது? இத்தனை வருஷமாக யாரும் கேட்காமலே அவள் துவைத்துக் கொடுக்கிறாள். எர்மிலோ ஈரச்சட்டையைக் கையில் வாங்கி, நன்றி சொன்னார். முகர்ந்தும் பார்த்தார். பூ வாசனை அடித்தது. எல்லாம் போயே போய்விட்டது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதால் தேவலை என்றிருந்தது அவருக்கு. ஆனால் முன்கூடத்தில் கனடாக்காரர் தொப்பியைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தார், அதற்கும் அவர்தான் போக வேண்டியிருந்தது.

வேனில் ஏ.சி. குளுகுளுவென்று அடித்தது. போட்டிருந்த சட்டை இஸ்திரி மடிப்பு கலையாமல், ஒரு சொட்டு வேர்வை இல்லாமல் இருந்தது. பாறைக் கிணற்றில் எல்லாரும் இறங்கிக் குளிக்கும்போது வில்பெர்த் அவரைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளினான்.

"ஏறி இறங்கு. வேர்த்தாகணும்."

"முழங்கால் இருக்கிற இருப்புல?"

"அப்ப பிள்ளை அப்படியே போகட்டுமா?"

எர்மிலோ ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். தண்ணீருக்குள்ளிருந்து கனடாக்காரரின் மனைவி தலையை நீட்டி, "உங்க வயசுல எவ்வளவு தெம்பு," என்று மெச்சினாள். ஆனால் அந்தக் குகைக்குள் குளிர்ச்சிதான் சொட்டுகிறது. கால் நடுங்கியதே தவிர சட்டை நனையவில்லை.

அடுத்தது கடை. அங்கே நிற்காமல் போக முடியாது. கடைக்கு ஆள் இறக்காத கைடுக்கு மறுநாள் கம்பெனியில் வேலை இருக்காது. வெள்ளி நகை, கறுப்புக் கண்ணாடிக் கல்லில் செய்த ஆமை, கம்பளம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துப் பேரம் பேசி முடிப்பதற்குள் பொழுது போய்விடும். கனடாக்காரரின் மனைவி இரண்டு ஆமைகளைக் கையில் வைத்துக்கொண்டு எது நன்றாக இருக்கிறது என்று எர்மிலோவைக் கேட்டாள். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. வில்பெர்த் என்ஜினை நிறுத்தாமலே உள்ளே வந்து, கடை முதலாளியின் காதில் ஏதோ ஓதினான். அவ்வளவுதான், முதலாளி முகம் மாறி, தானே முன்னால் நின்று, வாங்கினவர்களையும் வாங்காதவர்களையும் கையெடுத்துக் கும்பிடாத குறையாக வேனுக்கு அனுப்பிவைத்தார்.

"என்ன சொன்ன?" என்று கேட்டார் எர்மிலோ.

"சாப்பாடு ஒத்துக்காம பாதிப் பேருக்கு வயித்தால போகுதுன்னேன். கம்பளத்துக்குப் பயந்துட்டார்."

வேறொரு நாளாக இருந்தால் எர்மிலோ விழுந்து விழுந்து சிரித்திருப்பார். கூட்டு ரோடு வந்தபோது சூரியன் மரங்களுக்குமேல் சாய்ந்திருந்தது. அங்கிருந்து ஊர் இரண்டு மைல். தினமும் அவரை ஏற்றிப்போகிற ஆட்டோ வழக்கம்போல நின்றது. ஏறினால் சுகமாகப் போய் இறங்கலாம், நேரத்துக்கு முன்பாகவே. ஆனால் என்னத்தோடு போய் இறங்குவது? காய்ந்த சட்டையோடும் ஏ.சி. குளிரோடுமா? நடந்தால் வேர்க்கும், ஆனால் டாக்ஸி போய்விட்டிருக்கலாம்.

வில்பெர்த் தான் போட்டிருந்த கனத்த கறுப்புக் கோட்டைக் கழற்றி நீட்டினான். ஏ.சி. குளிருக்காகக் கம்பெனி டிரைவர்களுக்குக் கொடுத்தது. "இதை மேல போட்டுக்கிட்டு ஓடு, கொம்பாத்ரே. கழுத்து வரைக்கும் பட்டன் போடு."

எர்மிலோ போட்டுக்கொண்டார். ஓட ஆரம்பித்தார். அதை ஓட்டம் என்று சொல்வது நம் பெருந்தன்மை. வேன் ஜன்னல் வழியாகக் கனடாக்காரர் குடும்பம், சாயங்கால வெக்கையில் கம்பளிக் கோட்டோடு போகிற தங்கள் கைடைப் பார்த்துக் கையசைத்தது. மாயா மர்மங்களில் அதையும் ஒன்றாக ஊரில் போய்ச் சொல்லிக்கொண்டிருப்பார்களாக இருக்கும்.

கோட்டுக்குள் உடம்பு வெந்தது. வலது முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் தனியாக முனகியது. ஆட்டோக்காரன் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தான். "ஏறுங்க தோன் எர்மிலோ, காசு வேணாம். உடம்புக்கு எதுவும் ஆகிடப்போகுது."

"போப்பா. எனக்கு வேர்க்கணும்."

அவன் ஒன்றும் புரியாமல் போய்விட்டான். வாழ்க்கை முழுக்க எர்மிலோ களைப்பைக் குறைத்துக்கொள்ளத்தான் பாடுபட்டிருக்கிறார். கல் சுமப்பதை விட்டது, சிமெண்ட் சுமப்பதை விட்டது, நிழல் எங்கே என்று பார்த்து நின்று பேசியது எல்லாம் அதற்காகத்தான். இப்போதோ இருக்கிற களைப்பு போதாதென்று இன்னும் கொஞ்சம் தேடி ஓடிக்கொண்டிருந்தார். மூச்சு இரைத்தது. நெற்றியிலிருந்து வழிந்தது கண்ணை எரித்தது. முதுகில் ஈரம் ஓடுவது தெரிந்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

பின்னாலிருந்து ஒரு வெள்ளைக் கார் புழுதி கிளப்பிக்கொண்டு அவரைத் தாண்டிப்போனது. டாக்ஸி. அதற்குப் பிறகு எப்படிப் போனார் என்று அவருக்கே நினைவில்லை.

வீட்டு வாசலில் டாக்ஸியின் டிக்கி திறந்து கிடந்தது. பெட்டி உள்ளே ஏறியிருந்தது. யாமிலி துணியில் சுற்றின பிள்ளையோடு கதவருகே நின்றாள். தொண்டை கட்டிப்போன பிள்ளையின் அழுகை விட்டு விட்டு வந்தது. தள்ளாடிக்கொண்டு வருகிற கணவனைக் கண்டதும் எலிஹியா இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தாள்.

"அங்கயே நில்லு. இந்தச் சூட்டோட பிள்ளைகிட்ட வராதே. அங்கேருந்தே பொண்ணுக்கு டாட்டா சொல்லு."

எர்மிலோ நின்றார். குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். பேச மூச்சு வரவில்லை.

"நான்தான்," என்றார் கடைசியில். "திரான்சிதோ இல்ல. நான்தான் பார்த்தேன். நேத்து. சுவத்துச் சந்து வழியா."

டாக்ஸிக்காரனும் எங்கள் பக்கத்து ஆள்தான். அவன் யாரும் சொல்லாமலே என்ஜினை அணைத்துவிட்டு, இறங்கிப் போய் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டான். எலிஹியாவின் முகத்தில் கோபம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அவள் கை மட்டும் கீழே இறங்கிவிட்டது.

"கழட்டு," என்றாள்.

அவர் கோட்டுப் பட்டனில் கை வைத்தார். பொறுக்காமல் எலிஹியாவே கழற்றினாள். உள்ளே சட்டை தண்ணீரில் முக்கி எடுத்ததைப்போல உடம்போடு ஒட்டியிருந்தது. அதை உரித்தெடுத்து, பிள்ளையை வாங்கி, தலையிலிருந்து கால்வரை சுற்றினாள். முக்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்து, மடியில் வைத்தாள். கம்பெனியின் பேர் தைத்த பை பிள்ளையின் கன்னத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"அந்தப் பாவியை ஊர் முன்னாடி சட்டையைக் கழட்ட வச்சேன்," என்றாள் எலிஹியா. "நாளைக்கு நீயே போய்ச் சொல்லிட்டு வா. என்னால முடியாது."

"போறேன்."

யாமிலி அவருக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள். "கேட்டிருக்கலாம்லப்பா."

"கேட்டா விட்டிருப்பீங்களா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இல்ல," என்றாள். பிறகு, "ரொம்ப நேரம் பார்த்தீங்களா?"

"இல்லம்மா. கொஞ்ச நேரம்தான். கண்ணு திறந்திருந்துச்சு. அதான்." அவர் பிள்ளையின் காலில் விலகிய சட்டையை இழுத்து மூடினார். "நீ பிறந்தப்ப நான் பார்க்கவேயில்ல."

யாமிலி எழுந்து வந்து அவருடைய வெற்றுத் தோளில், முன்பு ஒரு காலத்தில் கடித்த அதே தோளில், கையை வைத்துக்கொண்டாள். பிள்ளையின் அழுகை விக்கலாக மாறியது. விக்கல் நின்று, அவள் கண்ணைத் திறந்தாள். அதே கறுகறுவென்ற கண். இந்த முறை அவர் பார்க்கலாமா கூடாதா என்று தெரியாமல் எலிஹியாவை நிமிர்ந்து பார்த்தார்.

"பாரு," என்றாள் எலிஹியா. "இப்பப் பாரு. இதுதான் மருந்து."

அவர் பார்த்தார். பிள்ளை வாயைச் சப்புக்கொட்ட ஆரம்பித்ததும் யாமிலி வாங்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள். காலையிலிருந்து குடிக்காதது குடித்தது. டாக்ஸிக்காரன் அவசரப்படுத்தவில்லை, ஆனால் சூரியன் அவசரப்பட்டது, ராத்திரி பஸ் யாருக்காகவும் நிற்காது. சட்டையைத் திருப்பிக் கொடுக்க யாமிலி அவிழ்க்கப் பார்த்தபோது எலிஹியா தடுத்தாள். அது பிள்ளைமேலேயே காய வேண்டும். அப்படியே போகட்டும் என்றாள். அப்படித்தான் அந்தச் சட்டை மொந்தெர்ரெய்க்குப் போனது.

கார் திரும்பி மறைந்த பிறகும் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். எலிஹியா முக்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எர்மிலோ வெற்றுடம்போடு, கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, முற்றத்தைக் கடந்து அடுக்களையை நோக்கி நடந்தார். இந்த ஒன்றரை மாதத்தில் கால் அந்த வழிக்குப் பழகிவிட்டிருந்தது.

"அங்க எங்க போற?" என்று வீட்டு வாசலிலிருந்து எலிஹியா கேட்டாள்.

"ரொம்பக் களைச்சு வந்திருக்கேன்ல."

அவள் முகத்தை மேல்துண்டில் துடைத்துக்கொண்டாள். "உள்ள வந்து படு, கிழவா. இனிமே நீ பார்க்கக் கூடாதுன்னு இங்க யாரு இருக்கா?"

அவர் உள்ளே போனார். பேத்தியின் சின்னத் தூளியை யாரும் இன்னும் கழற்றவில்லை. எர்மிலோ அதன் முன்னால் நின்று, வெயிலும் பசியும் களைப்பும் கண்ணில் இருந்தபடியே, அதை வேண்டுமட்டும் பார்த்தார். யாரும் தடுக்கவில்லை.